பிசின் விரல்கள்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துப் பிற்பகல் வெயில் குளியலறைச் சன்னலின் மங்கிய கண்ணாடியில் வெளிறிக் கிடக்கிறது. தன் முழங்காலுக்குள் இருபது வருடமாய்க் குடியிருக்கும் எறிகணைத் துண்டின் வலிக்காக, விளக்கடியில் வளர்த்த கஞ்சாச் செடியைப் புவனேந்திரன் இன்று வெட்டிவிட்டார். இன்னும் விட்டால் பூவில் பூஞ்சணம் பிடித்துவிடும். உடுப்புக் கொடியில் கொப்புகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, சின்னக் கத்தரிக்கோலால் இலைகளை நறுக்குகிறார். பச்சை வாசம் கண்ணைக் கரிக்கிறது. அடுத்த அறையில் டேனிஷ் தொலைக்காட்சி, வன்னியில் போர் முடிந்ததென்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போய்விட்டது. காலையில் ஹேர்னிங் நகரிலிருந்து ஊர்க்காரன் தேவகுமார் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது: "அண்ணை, உங்கடை தங்கச்சி முகாமிலை இருக்கிறாவாம். ஆரின்ரையோ போனிலை எடுப்பா. நம்பர் விழாது, திருப்பி எடுக்கேலாது. விட்டிடாதையுங்கோ." பலாப்பழம் வெட்டுமுன் கையில் தேங்காய் எண்ணெய் பூச மறக்காத மனிதர், இன்று மறந்துபோனார். பத்து விரலிலும் கஞ்சாப் பிசின். போன் அடிக்கிறது. எண்ணெய் தேய்த்துப் பிசினைக் கழற்ற நேரமில்லை. அப்படியே அள்ளிக் காதில் வைக்கிறார். "அண்ணை, சாப்பிட்டியளோ?" தங்கச்சி யோகமலரின் குரல்தான். "ஓம் பிள்ளை. உன்னோடை ஆர் ஆர் இருக்கினம்?" "நான் மட்டும்தான், அண்ணை." அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிடுகிறது. கொடியில் கொப்புகள் மெல்ல ஆடுகின்றன. எண்ணெய்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. போன் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பிரிக்கவில்லை.