விட்டுப்போன சொல்

பாதிரியார் வந்து சேர்வதற்குள் குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது. வார்டு வாசலில் டாக்டர் தலைகுனிந்து நின்றார்.

"கடைசி நேரத்துல நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துட்டேன், ஃபாதர். பெத்தவளோட ஆசை அது."

"நல்லது. அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். தந்தை, மகன், தூய ஆவின்னு மூணு பேரையும் சொன்னீங்கல்ல? ஒண்ணு விட்டாலும் செல்லாது."

"தந்தை சொன்னேன். தூய ஆவியும் சொன்னேன். நடுவுல உள்ளது வாயில வரல."

"சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சதாச்சே டாக்டர். அது எப்படி மறக்கும்?"

"மறக்கல, ஃபாதர். உள்ள கிடக்கிறவன் என் மகன்."

பாதிரியார் டாக்டரின் கையைப் பற்றினார்.

"வாங்க. அந்த ஒரு சொல்லை நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."