இடி இறங்கிய கல்

தம்பியின் வருஷத் திதிக்கு அப்பா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் போனில் படம் வந்தது.

அனுப்பியவள் சகாயமேரி, பெங்களூர் ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்ப்பவள். படம், நாங்கள் நின்றிருந்த இதே கரும்பாறையில் போன மாதம் நான் துளைபோட்டு எடுத்த கல்லுடையது.

கல்லை மெல்லிசாக அறுத்து, மேலே ஒரு வைரச் சில்லை வைத்து, பச்சை ஒளி பாய்ச்சுவோம். வைரம் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியை வைத்தே கல்லுக்குள் உறைந்து கிடக்கும் காந்தத்தை மைக்ராஸ்கோப் படமாகக் காட்டிவிடும்.

இடி விழுந்த கல் என்றால் பார்த்ததுமே தெரியும். பழைய காந்தம் குலைந்து வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆராய்ச்சிக்கு ஆகாது, தூக்கிப் போட்டுவிடுவோம்.

நான் எடுத்ததே அந்தக் குலைவைப் பார்க்கத்தான்.

போன ஐப்பசியில், அந்தி மழையில், கதிரவன் இந்தப் பாறைமேல் இடி தாக்கிச் செத்தான். பார்த்தது அப்பா மட்டும். உடம்பு கருகியிருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர் இதற்கு இடிப்பாறை என்று பேர் வைத்து மஞ்சள் பூசிக் கும்பிடுகிறது. என் தம்பியைக் கொன்றதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

துளைபோட வேண்டிய இடத்தை அப்பாவேதான் கைவைத்துக் காட்டினார். மெஷினுக்குத் தண்ணீர்கூட ஊற்றினார்.

படத்தைப் பெரிதாக்கினேன். காந்தத் திசையைக் காட்டும் சிவப்பும் நீலமும் ஒழுங்காக, ஒரே திசையில். இந்த மலையின் மற்ற கற்களில் எப்படியோ அப்படியே.

கீழே எழுதியிருந்தாள்: "செம சாம்பிள் வெண்மதி! இடி படவே இல்ல."

போனைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

"என்ன பாப்பா, கல்லு படம் வந்துடுச்சா? இடி தெரியுதா?"

அப்பா தட்டோடு நின்றார். கண் என் போன்மேலேயே இருந்தது.

"தெரியுதுப்பா. நல்லாவே தெரியுது."

அவர் பெருமூச்சு விட்டு என் நெற்றியில் திருநீறு வைத்தார்.

அவருக்குப் பின்னால் எங்கள் கடலைக் கொல்லை. காட்டுப்பன்றி பாதியை உழுதுபோட்டிருந்தது. சுற்றிலும் மூங்கில் கொம்புகள் நட்டபடியே நின்றன. அவற்றில் கட்டிக் கரண்டு விட்டிருந்த கம்பியை மட்டும், கதிரவனைப் புதைத்து வந்த கையோடு அப்பா சுருட்டி எடுத்துவிட்டார். பிள்ளையே போயிட்டான், இனி கடலை யாருக்கு என்றார்.

துக்கத்தில் பேசுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.