முப்பத்தேழு சதவீதம்

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். ஒண்ணு, அந்தக் கம்ப்யூட்டர்ல புது சிஸ்டம் ஏறணும். இல்லேன்னா நீங்க அந்த நாற்காலியை விட்டு எறங்கணும்!"

பல் டாக்டர் தன் கணவரைப் பார்த்து இப்படிக் கத்தியது கிளினிக்கின் முன்னறையில், அத்தனை நோயாளிகளுக்கும் முன்னால்.

கணவர்தான் அங்கே வரவேற்பாளர். டோக்கன் கொடுப்பது, எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் திறந்து வைப்பது, ஆளை உள்ளே அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. பொறுப்பு என்று சொன்னால் நோயாளிகள் சிரிப்பார்கள். பாதி நேரம் அவர் எதிரே திரையில் ஒரே வாசகம்தான்.

'புதுப்பிக்கப்படுகிறது. 37% முடிந்தது. அணைக்க வேண்டாம்.'

"வெளிய போய் டீ குடிச்சேன். டீக்கடைக்காரரோட ஒரு சண்டையும் போட்டுட்டு வந்துட்டேன். அப்பவும் முப்பத்தேழு, இப்பவும் முப்பத்தேழு!" என்றார் கன்னம் வீங்கிய பஸ் டிரைவர். "இந்த லட்சணத்துல நான் பஸ் ஓட்டினா சும்மா விடுவாங்களா?"

"சத்தம் போடாதீங்க சார். அதுக்குக் கோபம் வந்தா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும்," என்றார் கணவர், கொஞ்சமும் பதறாமல்.

"நகருதுங்க. அந்த வட்டம் சுத்துது. நான் என் கண்ணால பார்த்தேன்," என்றார் தையல்கார அம்மா.

"எங்கம்மா சுத்துது? உங்களுக்குத் தலை சுத்துது!"

அவ்வளவுதான். நோயாளிகள் சுத்துகிற கட்சி, சுத்தாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, பல்வலியை மறந்து மல்லுக்கு நின்றார்கள். சண்டை முற்றும்போது திரை சட்டென்று தெளிந்து எக்ஸ்ரே வந்துவிடும். "பார்த்தீங்களா!" என்று இரண்டு கட்சியுமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும்.

டாக்டருக்குத்தான் கவலை. எதிரிலேயே ஒரு புதுக் கிளினிக் வந்திருந்தது. அங்கே ஆள் உட்காருவதற்குள் கம்ப்யூட்டர் தயாராகிவிடுகிறதாம். இங்கே வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவ ஆரம்பித்திருந்தார்கள். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு குடும்பமே இந்த ஒரு கிளினிக்கை நம்பித்தான் ஓடியது.

புது சிஸ்டத்துக்கு மாறலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு காரணம் வைத்திருப்பார்.

"புதுசுல மூலையெல்லாம் உருண்டையா இருக்கு. பார்த்தா மயக்கமா வருது."

"திறந்ததும் வணக்கம் சொல்லுதாம். மெஷினுக்கு எதுக்கு அவ்வளவு பணிவு? எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு."

"பழசு பாவம். நம்மள விட்டா அதுக்கு யார் இருக்கா?"

பொறுத்தது போதும் என்று இன்று தன் தம்பியை வரவழைத்துவிட்டாள். அவன் கம்ப்யூட்டர் மெக்கானிக். மத்தியானம் நோயாளிகள் கிளம்பியதும் பையோடு மேஜை முன்னால் வந்து நின்றான்.

"மாப்ள, முதல்ல சாப்பிட்டுடலாமே," என்றார் கணவர், திரையை மறைத்துக்கொண்டு.

"நகருங்க மாமா."

உட்கார்ந்தான். ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். முப்பத்தேழு சதவீதம் காணாமல் போனது. பின்னால் எக்ஸ்ரே, டோக்கன் எல்லாம் பளிச்சென்று திறந்தே இருந்தன.

தம்பி இங்கே அங்கே தட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"அக்கா, இதுல புது சிஸ்டம்தான் இருக்கு. எப்பவோ போட்டாச்சு."

"அப்போ அந்த முப்பத்தேழு?"

"அது போட்டோக்கா. அந்த வாசகத்தைப் படம் புடிச்சு, மாமா திரை முழுக்க வெச்சிருக்கார்."

"போட்டோவா? சுத்துச்சேடா! நானே பார்த்தேனே!"

"சுத்தலக்கா. அசையாத படம்." தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "பன்னிரண்டு, அறுபத்து நாலு, தொண்ணூத்தொம்பதுன்னு தனித்தனியா வேற சேர்த்து வெச்சிருக்கார். ஒண்ணுக்கு 'அவசரத்துக்கு'ன்னு பேரு!"

டாக்டர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"வேலை போச்சே, மனசு ஒடிஞ்சுடக் கூடாதேன்னு உங்களை இங்க உட்கார வெச்சேன். நீங்க உட்கார்ந்து தூங்கறதுக்குப் படம் காட்டறீங்களா? எதிர்ல ஆளுங்க போய்க்கிட்டே இருக்காங்க. நாளையிலேர்ந்து இந்த மேஜைக்கு வேற ஆள் வருவாங்க!"

அவருக்கு வலித்தது. ஆனாலும் மைத்துனனைத்தான் பார்த்தார்.

"மாப்ள, கொஞ்சம் வெளிய நில்லேன்."

அவன் போனதும் கதவைச் சாத்தினார்.

"அவனை அனுப்பிட்டா தப்பிச்சிடலாம்னு பாக்கறீங்களா?" என்றாள் அவள். "சொல்லுங்க. யாருக்காக இந்தக் கூத்து?"

"ஜனங்க கம்ப்யூட்டரைத் திட்டட்டும். என்னைச் சோம்பேறின்னு திட்டட்டும். டாக்டருக்கே பயம்னு தெரிஞ்சா யாரு வந்து வாயைத் திறப்பாங்க?"

"எனக்கா? எனக்கென்ன பயம்?" குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"போன வருஷம் நீ பல்லைப் பிடுங்கறப்போ ஒரு பெரியவர் உன் நாற்காலியில மயங்கிட்டாரே. அவர் கொஞ்ச நேரத்துல எழுந்து, முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டார். நீதான் இன்னும் அதுலேர்ந்து எழுந்திருக்கலை."

அவள் மேஜையோரம் உட்கார்ந்தாள்.

"பல்லைப் பிடுங்கணும்னாலே உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, நடுங்குற கையைத் தண்ணியில காட்டிக்கிட்டு நிக்கறே. உனக்குத் தைரியம் வந்து நீ திரும்பறப்போ எக்ஸ்ரே தயாரா இருக்கணும்னுதான் புது சிஸ்டம் போட்டேன்..." அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குழாய்ச் சத்தம் நிக்கிற வரைக்கும்தான் அந்தப் படம்."