தானாகப் போகிற கார்

பயிற்சிக் கார் மைதானத்தின் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் ஒரு கோடு போட்ட சட்டைக்காரன். அவன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பது தன் மனைவிதான் என்று தெரிந்ததும், மதிலோரம் ஒளிந்து நின்ற வேன் டிரைவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

கற்றுக்கொள்ளப் போனவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கற்றுக்கொடுக்க வேண்டியவன் அவளை ஊர்வலம் கூட்டிப் போகிறான். இதற்குத்தான் தினமும் வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறாளா?

போன வருஷம் கம்பெனியின் பழைய பெட்ரோல் வேனில் அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். கிளட்சை விட்டதும் வேன் குலுங்கி நின்றுவிடும். "மிதின்னா மிதிக்கணும்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவான். கடைசியில், "உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி வராது" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

அதன் பிறகுதான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். ஆளே மாறிப்போனாள்.

"இந்த டீசல் கார்ல ஆக்ஸிலேட்டரத் தொடவே வேணாங்க" என்றாள் ஒருநாள். "ஃபர்ஸ்ட் கியரப் போட்டுக் கிளட்ச மெதுவா விட்டாப் போதும். நின்னுடாம இருக்க எவ்வளவு டீசல் வேணுமோ, இன்ஜினே எடுத்துக்குது. நடக்கிற வேகத்துல தானாப் போகுது."

"யாரு, உங்க வாத்தியார் சொன்னாரா?"

"அங்க யாரும் கத்துறதில்ல" என்றாள், வேறு பக்கம் பார்த்தபடி.

அந்த ஒரு வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. லைசென்ஸ் வந்து மூன்று மாதமாகிறது, இன்னும் என்ன வகுப்பு என்று கேட்டால், "கை பழக வேண்டாமா?" என்கிறாள். போதாக்குறைக்கு நேற்றுக் காலையில் சமையலறையில் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ குழைந்தாள்: "பயப்படாதீங்க. நாளைக்கும் உங்க பக்கத்துலதானே உட்காரப் போறேன்."

இவனிடம் அவள் அப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது. பொறாமை தாங்காமல் இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

கார் திரும்பி அவன் நின்ற பக்கமாக வந்தது. பன்னிரண்டு வருஷக் குடும்பம் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் பாய்ந்து போய் ஜன்னலைத் தட்டினான். கார் நிற்கவில்லை. வேகம் எடுத்துத் தப்பிக்கவும் இல்லை. அவன் கூடவே நடந்தான்.

"யோவ், வண்டிய நிறுத்துய்யா. அடுத்தவன் பொண்டாட்டியப் பக்கத்துல வச்சுக்கிட்டு என்ன சவாரி வேண்டியிருக்கு?"

சட்டைக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. மனைவியோ கணவனைப் பார்த்தும் பதறவில்லை, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அது அவனை இன்னும் கிளப்பிவிட்டது. "நிறுத்தப் போறியா இல்லையா?"

சட்டைக்காரன் பார்வையை முன்னாலிருந்து எடுக்காமலே, தலையை மட்டும் பக்கத்து சீட் பக்கம் லேசாகச் சாய்த்தான்.

"நிறுத்துறது எப்படின்னு டீச்சரம்மா இன்னும் சொல்லித் தரல சார்."