எழுதியவர் குரல்

ஆம்புலன்ஸை அழைக்கும் இணையப் பக்கம் காலையில் மறுபடியும் உறைந்துவிட்டது. இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் போதும், இருவருக்குமே வண்டி கிடைக்காது. கோளாறு அதன் கணினி நிரலில் எந்த வரியில் என்பது நிறைவாணனுக்குத் தெரியும். அது இறந்துபோன அவன் மனைவி செங்கமலம் எழுதியது. அவள் எழுதியவற்றில் மிஞ்சியிருப்பதும் அந்த ஒரு வரிதான்.

எந்த நிரலிடம் கேள்வி கேட்டாலும் அதை எழுதியவரின் குரல்தான் பதில் சொல்லும். எழுதியவர் இறந்த பிறகும் சொல்லும், அவருடைய வரி இருக்கும்வரை. அதனால்தான் அவன் அந்த வரியைத் தொடாமல், அதைச் சுற்றியே மாதக்கணக்கில் ஒட்டுப் போட்டுவந்தான்.

"இன்னிக்கு ஒரு அம்மாவுக்கு வண்டியே வரலை, நிறை. பக்கத்து வீட்டு ஆட்டோ மட்டும் இல்லேன்னா போய்ச் சேர்ந்திருப்பாங்க," என்றாள் குழுத்தலைவி ஷகிலா.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "கமலி, இந்த வரியை எடுத்துரட்டுமா?"

"முதல்லயே எடுத்திருக்கணுமுங்க. நான் அவசரத்துல எழுதுனது," என்றது அவள் குரல். "சுத்திச் சுத்தி ஒட்டாப் போட்டு வெச்சிருக்காங்களே, யாருங்க அந்த மகராசன்?"

"நான்தான்."

"அதானே பாத்தேன்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக எழுதினான். சோதனையில் இரண்டு அழைப்புகளுக்கும் இரண்டு வண்டிகள் கிளம்பின.

"இப்போ சரியாயிடுச்சா?" என்று கேட்டான்.

"சரியாயிடுச்சு," என்றது நிரல், அவனுடைய குரலில்.