ஸ்ரோபெரிக்கு வந்த நோய்

“உந்த வெயிலுக்கை ஸ்ரோபெரி வருமே?”

“வராததை வரப்பண்ணினால்தான் தோட்டக்காரன். இருந்து பாரும், முதல் பழம் உமக்குத்தான்.”

கீரிமலையில் குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது கோபிசங்கர் சொன்னது. அப்போது கலியாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஈரத்தலையை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டு கீர்த்திகா சிரித்தாள்.

அது ஐந்து வருடத்துக்கு முந்திய பேச்சு. அளவெட்டித் தோட்டத்தில் நிழல்வலைப் பந்தல் போட இந்த வருடம்தான் முடிந்தது.

இன்று காலை அந்தப் பந்தலுக்குள் பாதிக்கு மேல் ஸ்ரோபெரிக் கண்டுகள் வாடித் தொங்கின. நேற்றுவரை பூவோடு நின்றவை.

மாமி ஞானாம்பிகை உள்ளே வரவில்லை. வரம்பிலேயே நின்றாள்.

“ஆரோ துடக்கோடை உள்ளுக்கை போயிருக்கினம்.”

ஆரோ என்றவள் மருமகளைத்தான் பார்த்தாள்.

“அதுதான் மாசம் தவறாமல் வருகுதே.”

துடக்கு நாளில் பெண் கால்வைத்தால் பயிர் பட்டுவிடும் என்பது அந்த வீட்டில் மாறாத சட்டம். கீர்த்திகா அந்த நாட்களில் கிணற்றடியைத் தாண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லி வாதாடப் போனால் பேச்சு பிள்ளை இல்லாத கதையில்தான் போய் நிற்கும்.

மாமி சொன்ன விரதமெல்லாம் அவள் பிடித்துவிட்டாள். பரியாரியாரின் கசாயத்தை இன்று விடியவும் குடித்தாள். கோபிசங்கர்தான் காய்ச்சிக் கொண்டுவந்து தருவான். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர் தேவராசா ஒரு கண்டைப் பிடுங்கி, அடித்தண்டைச் சவரப் பிளேட்டால் பிளந்து காட்டினார். உள்ளே செம்மண் நிறத்தில் அழுகியிருந்தது.

“பங்கசு, பூஞ்சண நோய். கண்டோடையே வந்திருக்கு. சில இனங்களிலை இந்தப் பங்கசை மோப்பம் பிடிக்கிற மரபணு இருக்கு. அது உள்ளுக்கை வந்த உடனை அந்த இடத்திலேயே மறிச்சுப்போடும். உங்கடை இனத்திலை அது இல்லைத் தம்பி.”

“அப்ப ஆரும் தொட்டதாலை இல்லையோ?”

“மழைத்தண்ணி தெறிச்சாலே பரவும். அதுக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமே?”

தானே சொல்லித் தானே சிரித்தபடி அவர் அடுத்த தோட்டத்துக்குப் புறப்பட்டார்.

கோபிசங்கர் தாயிடம் போனான். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னான்.

“அம்மா, ஆரையும் குற்றம் சொல்லாதேங்கோ. கண்டு பார்க்க வடிவாய்த்தான் இருக்கும், வெளியிலை ஒண்டும் தெரியாது. குறை மரபணுவிலை. உண்டாகேக்கையே வந்தது. மண் என்ன செய்யும், பாவம்.”

மாமி கொஞ்சம் யோசித்தாள்.

“பிறவிக் குறையே? அப்ப அதுக்கு ஆர் என்ன செய்யிறது.”

கோபம் அப்படியே இறங்கிவிட்டது. வாடிய கண்டுகளைப் பார்த்துச் சூள் கொட்டினாள்.

இவ்வளவு இலகுவா? கீர்த்திகா கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

“வா தம்பி, தேத்தண்ணி குடிப்பம்,” என்றாள் மாமி. பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “நீ நிண்டு உந்தச் செத்ததுகளைப் பிடுங்கு. உனக்கென்ன, வீட்டிலை பிள்ளையே அழுகுது?”

கோபிசங்கர் தலையைக் குனிந்துகொண்டு தாயின் பின்னால் நடந்தான்.

“இஞ்சாருங்கோ, நில்லுங்கோ.”

இருவரும் திரும்பினார்கள்.

“கொழும்பிலை டொக்டர் உங்கடை மரபணுவைப் பற்றிச் சொன்னாரே, அதையும் மாமிக்குச் சொல்லுங்கோ.”