கீழே படுத்திருக்கும் கடல்

ஆறு கடலில் கலக்கும் சுங்கை செம்பிலாங்கில், மரப் படகுத்துறையில் காலை வெயில் சேற்றின்மேல் வழுக்குகிறது. மீன்வள இலாகாவில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி கதிரவேலுவின், தண்ணீரில் உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாயை, வெடிகுண்டுச் சாமான் என்று அவசரகாலச் சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அவருக்கு நாக்குதான் மிச்சம். மேல்தண்ணீரை அள்ளிச் சுவைக்கிறார். "உப்பே இல்லை. இஞ்ச சிப்பி வளராதெண்டுதான் எழுதவேணும்." சிப்பி வளர்க்க அனுமதி கேட்ட மீனவர்கள் அவர் பென்சிலையே பார்த்து நிற்கிறார்கள். கூட வந்திருக்கும் மனைவி தங்கரத்தினம் தன் கவிதைக் கொப்பியைத் திறந்து, முந்தாநாள் இங்கே படகில் போனபோது எழுதியதை வாசிக்கிறாள்: "ஆறு மேலே நடக்கிறது, கடல் கீழே படுத்திருக்கிறது." பென்சில் நின்றுவிடுகிறது. "கீழயோ? உமக்கெப்பிடித் தெரியும்?" "துடுப்பு கிளப்பின தண்ணி வேற நிறமப்பா." அவர் தக்கையடைத்த வெறும் போத்தலில் கல்லைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, தக்கையில் கட்டிய கயிற்றைச் சுண்டித் திறக்கிறார். மேலே வந்த தண்ணீரை நாக்கில் வைத்ததும் உப்புக் கரிக்க முகம் சுளிக்கிறார், சுளித்தபடியே சிரிக்கிறார். "இந்தாரும், உம்மட கடல்" என்று போத்தலை அவளிடம் நீட்டுகிறார்.